விண்டோஸ் 7 கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. பணம் கட்டிய நிறுவனங்களுக்குக் கிடைத்த நீட்டிப்பும் 2023 ஜனவரி 10-இல் முடிந்தது. ஆனாலும் டிடிபி கடைகளிலும் சிறிய அச்சகங்களிலும் ரத்தப் பரிசோதனை நிலையங்களிலும் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வைத்திருப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகள் வருடக்கணக்காக அந்த டிஸ்க்கில்தான் சேர்ந்திருக்கின்றன. லேப் இயந்திரத்தோடு சீரியல் கேபிளில் பேசும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வரவே இல்லை. நன்றாக வேலை செய்யும் ஸ்கேனருக்குப் புதிய விண்டோஸில் டிரைவர் இல்லை.

இந்தக் கணினிகளில் வரும் தொல்லைகள் இரண்டு வகை. சப்போர்ட் இருந்த காலத்திலேயே வந்த அப்டேட்டுகளைப் போடாமல் விட்டதால் வருவது முதல் வகை. அதை இன்றைக்கும் சரிசெய்யலாம். விண்டோஸ் 7-இல் இல்லவே இல்லாத ஒன்றைப் புதிய மென்பொருள் கேட்பதால் வருவது இரண்டாவது. அதற்குத் தீர்வு கிடையாது, தேடி அலைந்தால் வைரஸ்தான் வந்து சேரும். உங்கள் திரையில் தெரிவது இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

கை வைப்பதற்கு முன்

கோப்புகளை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். கணினியோடு மாட்டியே இருக்கும் பேக்கப், பேக்கப் ஆகாது. எழுத்துரு ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். எழுத்துரு இல்லாத பேஜ்மேக்கர் கோப்பு திறக்கும், படிக்கத்தான் முடியாது.

பிறகு, கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் பாருங்கள். சர்வீஸ் பேக் 1 (பல அப்டேட்டுகளின் தொகுப்பு) என்று இருக்கிறதா, 32 பிட்டா 64 பிட்டா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் பேக் 1 இல்லாமல் கீழே சொல்லும் அப்டேட்டுகளில் பெரும்பாலானவை ஏறாது. அது கேபி 976932 என்ற எண்ணில் வந்தது; கேபி என்பது மைக்ரோசாஃப்ட் தன் அப்டேட்டுகளுக்குக் கொடுக்கும் எண்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை

முதலில் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். வருடம் 2009 என்றோ 2012 என்றோ காட்டினால் பிரவுசரை விட்டுவிடுங்கள், கோளாறு மதர்போர்டில். தளம் உண்மையானதுதான் என்று காட்டும் இணையதளச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி பழைய வருடத்தில் நின்றுகொண்டிருந்தால், எல்லாச் சான்றிதழும் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்காதவை.

தேதியைத் திருத்தி, மின்சாரத்தை நிறுத்திப் போட்டு மறுபடி பழைய தேதிக்கே போனால், மதர்போர்டில் தேதியையும் அமைப்புகளையும் காத்துவைக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று பொறித்திருக்கும் 3 வோல்ட் நாணய பேட்டரி, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். ஆனால் மாற்றுவதற்கு முன், பயாஸ் திரைக்குள் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) போய், ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பு முறையைக் காட்டும் சேட்டா மோடு என்ற வரியில் ஐடிஇ இருக்கிறதா ஏஹெச்சிஐ இருக்கிறதா என்று பார்த்து, மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். சேட்டா மோடு மாறிப்போனால் விண்டோஸ் பூட் ஆகும்போதே நீலத் திரையில் விழும், பிழை எண் 7பி என்று முடியும். நிறையப் பேர் இதைப் பார்த்துவிட்டு ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து ஃபார்மட் செய்கிறார்கள். பயாஸில் அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றினால் போதும்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பேட்டரியின் ஓரத்தில் சிறிய உலோகக் கொக்கி இருக்கும். அதை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி தானே எம்பி வரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி அழுத்துங்கள்.

தேதி சரி, ஆனால் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை

அதே தளத்தை ஃபயர்ஃபாக்ஸில் திறந்து பாருங்கள். அதில் திறக்கிறது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலும் மற்ற மென்பொருள்களிலும் திறக்கவில்லை என்றால், விண்டோஸின் மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களை உறுதிசெய்யும் அடிப்படைச் சான்றிதழ்) பட்டியல் பழசாகிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று சொந்தப் பட்டியல் வைத்திருப்பதால் தப்பிக்கிறது.

இதில் அதிகம் பேரைப் பாதித்தது லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ். பல இணையதளங்கள் இந்த அமைப்பின் இலவசச் சான்றிதழைத்தான் பயன்படுத்துகின்றன. பழைய கணினிகள் அதை நம்புவதற்கு உதவிய இன்னொரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதற்குப் பின் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்ற மூலச் சான்றிதழ் கணினியில் இருந்தே ஆக வேண்டும். வேறொரு கணினியில் லெட்ஸ் என்கிரிப்டின் சொந்தத் தளத்திலிருந்து அதை இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து, இரட்டைக் கிளிக் செய்து நிறுவுங்கள். எங்கே வைப்பது என்று கேட்கும்போது தானியங்கித் தேர்வை விட்டுவிட்டு, டிரஸ்டட் ரூட் சர்ட்டிஃபிகேஷன் அத்தாரிட்டீஸ் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூலச் சான்றிதழை வெளியிட்ட அமைப்பின் தளத்தைத் தவிர வேறு எங்கிருந்தும் எடுக்காதீர்கள். போலி ஒன்றை நிறுவினால், அதை உருவாக்கியவன் காட்டும் எந்தத் தளத்தையும் உங்கள் கணினி வங்கி என்றே நம்பும்.

விண்டோஸ் அப்டேட் தேடுகிறது, தேடுகிறது, 80072இஎஃப்இ என்று நிற்கிறது

புதிதாக விண்டோஸ் 7 நிறுவிய கணினியில் இது கட்டாயம் வரும். மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் அப்டேட்டுகள் போலியல்ல என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தை ஷா-1 முறையிலிருந்து ஷா-2 முறைக்கு மாற்றியது. ஷா-1 மட்டும் தெரிந்த கணினிகளுக்கான அப்டேட் வாசலை 2020 ஆகஸ்டில் மூடியது. உங்கள் டிவிடியில் இருக்கும் விண்டோஸ் 7-க்கு ஷா-2 தெரியாது. ஷா-2 கற்றுத்தரும் அப்டேட்டை அப்டேட் வழியாகவே வாங்க முடியாத நிலை.

வேறு கணினியில் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தைத் திறந்து, எண்ணைப் போட்டுத் தேடி, உங்கள் பிட்டுக்கு உரியதை இறக்குங்கள். 64 பிட் என்றால் எக்ஸ்64, 32 பிட் என்றால் எக்ஸ்86. விண்டோஸ் 7 என்று இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். சர்வர் 2008 ஆர்2 என்ற பெயரிலும் அதே எண் வரும்.

போட வேண்டிய வரிசை இது. முதலில் கேபி 4490628. அடுத்து ஷா-2 ஆதரவு தரும் கேபி 4474419. ரீஸ்டார்ட். பிறகு கேபி 4536952. கடைசியாக, 2020 ஜனவரி 14 அன்று வந்த கேபி 4534310. இந்தக் கடைசி ஒன்றுதான் முக்கியம்: மாத அப்டேட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்து வந்ததால், இதைப் போட்டாலே அதற்கு முந்தைய மாதங்களின் பாதுகாப்புத் திருத்தங்கள் சேர்ந்தே வந்துவிடும். வரிசையை மாற்றினால் இந்த அப்டேட் உங்கள் கணினிக்குப் பொருந்தாது என்று சொல்லும்.

இப்போதுதான் நிறுவிய கணினி என்றால், இவற்றுக்கு முன்னால் கேபி 3020369-உம் கேபி 3125574-உம் போட்டுவிடுவது நல்லது. இரண்டாவது, சர்வீஸ் பேக் 1-க்குப் பின் 2016 ஏப்ரல் வரை வந்தவற்றில் பெரும்பகுதியை ஒரே மூட்டையாகக் கட்டியது. பழைய டிஸ்க்கில் இது முடிய நேரம் பிடிக்கும். பாதியில் நின்றுவிட்டதோ என்று பவரை நிறுத்தாதீர்கள்.

அப்டேட் போட்டதும் வால்பேப்பர் கறுப்பாகிவிட்டது

பயப்பட ஒன்றுமில்லை. கேபி 4534310 கொண்டுவந்த பிழை இது. ஸ்ட்ரெச் என்று அமைத்த படம் மட்டும் கறுப்பாகும். படத்தை ஃபில் என்று மாற்றினால் சரியாகும். அல்லது 2020 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் வெளியிட்ட கேபி 4539602-ஐப் போடலாம். கேபி 4490628, கேபி 4474419 இரண்டும் ஏறியிருக்கின்றன என்று உறுதி செய்த பிறகு மட்டும்.

மென்பொருளைத் திறந்தால் டிஎல்எல் காணவில்லை என்கிறது

டிஎல்எல் என்பது மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் கோப்பு. பிழைச் செய்தியில் இருக்கும் பெயரை முழுக்கப் படியுங்கள். தீர்வு உண்டா இல்லையா என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று தொடங்கினால் உண்டு. யுனிவர்சல் சி ரன்டைம் என்ற பகுதி உங்கள் கணினியில் இல்லை. கேபி 2999226-ஐ அல்லது விஷுவல் சி++ 2015 ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்துப் போட்டால் மென்பொருள் திறக்கும்.

ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத் என்று தொடங்கினால் கிடையாது. விண்டோஸின் உள்கோப்பான கெர்னல்32-இல் கெட்சிஸ்டம்டைம்பிரிசைஸ்ஆஸ்ஃபைல்டைம் என்ற நுழைவிடம் இல்லை என்று சொன்னாலும் அதே கதைதான். அந்த வசதிகள் விண்டோஸ் 8-இல் பிறந்தவை. விண்டோஸ் 7-க்குள் அவை எந்த அப்டேட்டிலும் வரவில்லை. அந்த மென்பொருளின் பழைய பதிப்பைத் தேடுவதுதான் வழி. பைத்தான் என்றால் 3.8 வரைதான் ஓடும், 3.9 ஓடாது. டாட்நெட் ஃபிரேம்வொர்க் என்றால் 4.8-தான் கடைசி.

இந்தப் பிழைச் செய்தியை அப்படியே தேடினால், டிஎல்எல் கோப்பை மட்டும் தனியாகத் தரும் தளங்கள் வரிசையாக வரும். அவற்றிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். அந்தக் கோப்பை யார் வைத்தார்கள், உள்ளே என்ன சேர்த்தார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. அப்டேட் நின்றுபோன கணினியில் அதன் விளைவைத் தடுக்கவும் ஆள் இல்லை.

டாட்நெட் 4.8 நிறுவும்போது, நம்பகமான மூல அமைப்பு வரை சான்றிதழ் சங்கிலியைக் கட்ட முடியவில்லை என்று வந்தால், டிஎல்எல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மைக்ரோசாஃப்டின் 2011-ஆம் ஆண்டு மூலச் சான்றிதழ் இல்லை என்று பொருள். அதை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்து, முன்பு சொன்ன முறையிலேயே நிறுவுங்கள்.

இணையப் பக்கம் வெள்ளையாக நிற்கிறது, பட்டன்கள் வேலை செய்யவில்லை

குரோம் விண்டோஸ் 7-க்குக் கொடுத்த கடைசிப் பதிப்பு 109, 2023 ஜனவரியில். எட்ஜும் 109-ஓடு நின்றது. அதற்குப் பிறகு பிரவுசர்களில் வந்த புதிய வசதிகளை நம்பி எழுதிய பக்கம், 109-இல் பாதி மட்டும் தெரியும். பிரவுசரின் பெயரை மாற்றிக் காட்டும் தந்திரம் சிலர் சொல்வார்கள். அது எச்சரிக்கைப் பலகையை மறைக்கும். பக்கத்தை ஓட வைக்காது.

ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவு) பதிப்புதான் குரோமைவிட நீண்ட காலம் பாதுகாப்புத் திருத்தம் பெற்றது; மொசில்லா அதன் கெடுவைப் பல முறை தள்ளிப்போட்டது. குரோம் 109 வைத்திருப்பவர்கள் அதற்கு மாறுவது நல்லது.

ஃபயர்ஃபாக்ஸில் விளம்பரத் தடுப்பான் உள்ளிட்ட ஆட்-ஆன்கள் எல்லாம் ஒரே நாளில் செயலிழந்துபோனால், உங்களிடம் இருப்பது 115.13-க்கு முந்தைய பதிப்பு. அதில் இருந்த மொசில்லாவின் மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14 அன்று காலாவதியானது. ஃபயர்ஃபாக்ஸை மட்டும் புதுப்பித்தால் போதும், ஆட்-ஆன்களை நீக்கிப் போட வேண்டியதில்லை.

எந்த பிரவுசராக இருந்தாலும், வங்கி வேலையை இந்தக் கணினியில் செய்யாதீர்கள். அப்டேட் வந்துகொண்டிருக்கும் மொபைல் இதைவிட எவ்வளவோ பாதுகாப்பானது.

மெயில் மென்பொருள் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது

பாஸ்வேர்ட் சரிதான். ஜிமெயில் தனிக் கணக்குகளுக்கு, வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து உள்ளே வரும் மென்பொருள்களை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்கி, அவுட்லுக்கில் அதைக் கொடுங்கள்.

அலுவலக மெயில் சர்வர் என்றால் காரணம் வேறாக இருக்கலாம். பல சர்வர்கள் இப்போது டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) 1.2-க்குக் கீழே பேசுவதில்லை. விண்டோஸ் 7-க்கு 1.2 தெரியும், ஆனால் பல மென்பொருள்களுக்கு அதைத் தானாக எடுத்துக் கொடுக்காது. கேபி 3140245-ஐயும், அதன் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் அமைப்புகள் பதிந்திருக்கும் இடம்) மாற்றத்தையும் சேர்த்துச் செய்தால்தான் பலன். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கத் தயங்கினால் தண்டர்பேர்ட் 115 என்ற மெயில் மென்பொருளைப் போடுங்கள். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசித் தண்டர்பேர்ட் அதுதான். டிஎல்எஸ் வேலையை அது விண்டோஸிடம் கேட்காமல் தானே பார்த்துக்கொள்கிறது.

புதிய கணினியிலிருந்து இதன் ஃபோல்டரையோ பிரிண்டரையோ திறக்க முடியவில்லை

இணையத்தில் இதற்கு அதிகம் கிடைக்கும் பதில், புதிய கணினியில் எஸ்எம்பி1-ஐ (நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் பழைய முறை) இயக்குங்கள் என்பது. அதைச் செய்யாதீர்கள். எஸ்எம்பி1 தேவைப்படுவது எக்ஸ்பிக்கு. விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி 2.1 தெரியும், அதுவே போதும்.

பெரும்பாலும் சிக்கல் வேறு இடத்தில்: பாஸ்வேர்ட் இல்லாமல் விருந்தினராக நுழைவதைப் புதிய விண்டோஸ் அனுமதிப்பதில்லை. விண்டோஸ் 7-இல் பாஸ்வேர்டுடன் ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, அந்தக் கணக்குக்கு ஃபோல்டரைப் பகிருங்கள். நெட்வொர்க் ஐகானில் கணினியின் பெயர் வரக் காத்திருக்காமல், முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு ஐபி எண்ணை அடியுங்கள்.

பிரிண்டர் சேர்க்கும்போது 11பி என்று முடியும் பிழை எண் வந்தால், பகிர்வை விட்டுவிடுங்கள். நெட்வொர்க் பிரிண்டராக இருந்தால், ஒவ்வொரு கணினியிலிருந்தும் பிரிண்டரின் ஐபி எண்ணுக்கே நேராக இணைப்பது பாதுகாப்பும் எளிமையும் ஆகும்.

எமோஜி வரவேண்டிய இடத்தில் கட்டம்

கேபி 2729094 போட்டால் பழைய எமோஜிகள் கறுப்பு வெள்ளையில் தெரியும். புதியவை ஃபயர்ஃபாக்ஸுக்குள் மட்டும் தெரியும்.

கோப்புகளின் பெயர் மாறிவிட்டது, பணம் கேட்டு ஒரு குறிப்பு இருக்கிறது

நெட்வொர்க் கேபிளை உடனே பிடுங்குங்கள். வைஃபையை நிறுத்துங்கள். மாட்டியிருக்கும் பென்டிரைவையும் வெளி டிஸ்க்கையும் கழற்றுங்கள். பேக்கப் டிஸ்க்கை இந்தக் கணினியில் மாட்டிப் பார்க்கும் எண்ணமே வேண்டாம்.

பணம் கட்டாதீர்கள், கட்டினாலும் கோப்பு திரும்பும் என்று உறுதி இல்லை. பூட்டப்பட்ட கோப்பு ஒன்றையும் குறிப்பையும் நகலெடுத்து, வேறு சுத்தமான கணினியிலிருந்து நோ மோர் ரான்சம் தளத்தில் சோதியுங்கள். யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை, பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து 2016-இல் தொடங்கியது அது. சில வகைகளுக்கு இலவசத் திறவுகோல் கிடைக்கும். இந்தியாவில் இருப்பவர்கள் சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் கொடுங்கள்.

2017 மே 12 அன்று பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸை இங்கே சொல்லியாக வேண்டும். அது நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே அடைத்திருந்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் மருத்துவமனைகளில் பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை அன்றைக்கு சப்போர்ட் இருந்த விண்டோஸ் 7-இல் ஓடியவை. அந்த அப்டேட்டைப் போடாமல் விட்டிருந்தார்கள். மேலே சொன்ன கேபி 4534310-ஐ நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். வான்னாக்ரையின் ஓட்டையும், 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் ஓட்டையும் அதில் அடைபட்டுவிடும். 2020-க்குப் பிறகு கண்டுபிடித்த ஓட்டைகள் அப்படியே திறந்திருக்கும்.

எந்த அறிகுறியும் இல்லை, நன்றாகத்தான் ஓடுகிறது

அப்படியானால் இன்றைக்கே மூன்று வேலை செய்யுங்கள். கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை நிறுத்துங்கள். புளூகீப் நுழைந்த வழி அதுதான், ரவுட்டரில் 3389 போர்ட் திறந்திருந்தால் அதையும் மூடுங்கள். அன்றாட வேலைக்கு அட்மின் அல்லாத கணக்கைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, இணையத்தைத் துண்டிப்பது. லேப் இயந்திரமோ டிடிபியோ ஓட இணையம் தேவையில்லை, பிரிண்டரும் பக்கத்துக் கணினியும்தான் தேவை. நெட்வொர்க் கார்டின் ஐபிவி4 அமைப்பில் ஐபி எண்ணை நீங்களே கொடுத்து, டீஃபால்ட் கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் காலியாக விடுங்கள். ஐபிவி6 என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கடைக்குள் எல்லாம் வேலை செய்யும், வெளியுலகம் மட்டும் தெரியாது. பக்கத்துக் கணினிக்கு வைரஸ் வந்தால் இதற்கும் வரலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் சத்தம், அல்லது கணினியே சாகப்போகிறது

டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே டிஸ்க்2விஹெச்டி என்ற மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியை ஓட்டி, முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக வெளி டிஸ்க்கில் சேமியுங்கள். சத்தம் ஏற்கெனவே பலமாக இருந்தால் முதலில் முக்கியக் கோப்புகள், பிறகு இது. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் புதிய கணினியில் நிறுவி அந்தக் கோப்பைத் திறந்தால், பழைய விண்டோஸ் 7 தன் எழுத்துருக்களோடும் பேஜ்மேக்கரோடும் ஒரு சன்னலுக்குள் ஓடும். பூட் ஆகும்போது 7பி நீலத் திரை வந்தால், விர்ச்சுவல்பாக்ஸின் ஸ்டோரேஜ் அமைப்பில் டிஸ்க்கை சேட்டாவிலிருந்து ஐடிஇக்கு, அல்லது ஐடிஇயிலிருந்து சேட்டாவுக்கு மாற்றுங்கள். கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் லைசன்ஸ் அந்த மதர்போர்டுக்கு மட்டும் உரியது. ஆக்டிவேஷன் கேட்கும், அதற்கு ரீடெயில் லைசன்ஸ் வேண்டியிருக்கும். மென்பொருள் ஓட மாட்ட வேண்டிய உரிமச் சாவியான யுஎஸ்பி டாங்கிளை உள்ளே இருக்கும் விண்டோஸுக்குக் கொடுத்துவிடலாம். பழைய பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் டாங்கிள் என்றால், புதிய கணினி வாங்குவதற்கு முன் மென்பொருள் விற்றவரிடம் யுஎஸ்பி டாங்கிளாக மாற்றித் தருவாரா என்று கேளுங்கள்.

முதல் முறை பூட் செய்வதற்கு முன்பே, அந்த விர்ச்சுவல் கணினியின் நெட்வொர்க் பகுதியில் அடாப்டர் 1-க்கு எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். கோப்பு போக்குவரத்துக்கு ஷேர்ட் ஃபோல்டர் ஒன்று போதும்.